கன்டெய்னருக்குள் 999, வெளியே 100998: லினக்ஸில் பயனர் எண் எப்படி மாறுகிறது?

நீங்கள் கேட்டதை, நான் புரிந்துகொண்ட அளவில், முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லினக்ஸ் கணினியில் 1000 என்ற பயனர் எண் கொண்ட சாதாரணப் பயனராக, ரூட் எனும் முழு நிர்வாகி உரிமை எதுவும் இல்லாமல், கன்டெய்னர்களை இயக்கும் பாட்மேன் வழியாக ஒரு போஸ்ட்கிரஸ் தரவுத்தளக் கன்டெய்னரை, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த ஒரு சூழலை, இயக்கியிருக்கிறீர்கள். தரவு சேரும் கோப்பகத்தை உங்கள் ஹோம் கோப்பகத்திலிருந்தே இணைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கன்டெய்னருக்குள் நுழைந்து பார்த்தால் அந்தக் கோப்புகளின் உரிமையாளர் எண் 999. வெளியே வந்து அதே கோப்புகளைப் பார்த்தால் 100998. அப்படியொரு பயனரை நீங்கள் உருவாக்கவே இல்லை. கோப்புகளை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. இவற்றில் எது உண்மையான எண், உள்ளே ரூட் என்று காட்டுவது உண்மையான ரூட்தானா, இப்படி வைத்திருப்பது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளைப்பவை. லினக்ஸின் மைய நிரலான கெர்னல் ஒரு பயனரை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பது தெளிந்துவிட்டால் முதல் இரண்டுக்கும் ஐயமின்றி விடை கிடைக்கும். மூன்றாவதில் கொஞ்சம் உறுதியும் கொஞ்சம் கணிப்பும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தே சொல்கிறேன். சர்வர் நிர்வாகத்தில் பல ஆண்டுகளாக இதனோடு புழங்கி வருவதால், ஆவணங்களில் ஓரமாகக் கிடக்கும் சில செய்திகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

உண்மையான எண் 100998தான். உங்கள் கணினியின் கெர்னலைப் பொறுத்தவரை, ஒரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) ஒரு கோப்புக்கும் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பயனர் எண்தான் உண்டு. அந்த எண், கணினி முழுவதற்கும் பொதுவான தொடக்க நேம்ஸ்பேஸின் கணக்கில் எழுதப்பட்ட எண். நேம்ஸ்பேஸ் என்பது, உள்ளிருப்பவருக்குத் தனியான எண்களையும் வளங்களையும் காட்டும் ஒரு பிரிவு. கெர்னலின் நிரலில் இதற்கென்றே கேயூஐடி என்று தனி வகை ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதாரண முழு எண்ணைப் போல இதை எங்கும் போட்டுக் கலந்துவிட முடியாதபடி ஒரு ஸ்ட்ரக்சருக்குள் பொதிந்து வைத்ததால், வெளியிலிருந்து வந்த எண்ணையும் உள்ளே வைத்திருக்கும் எண்ணையும் நிரலாளர் தவறுதலாக ஒப்பிட்டால் கம்பைலரே நிறுத்திவிடும். ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் ஓர் எண்ணைக் கொடுக்கும்போது, அந்த ப்ராசஸ் இருக்கும் பயனர் நேம்ஸ்பேஸின் அட்டவணையைப் பார்த்து அது கேயூஐடியாக மாற்றப்படுகிறது. கெர்னல் பதில் சொல்லும்போது, அதே அட்டவணை வழியாகத் தலைகீழாக மாற்றிச் சொல்கிறது. நடுவில் நடக்கும் அனுமதிச் சோதனைகள் அத்தனையும் கேயூஐடிகளுக்கு இடையில்தான். ஆகவே 999 என்பது கன்டெய்னருக்குள் இருப்பவருக்குச் சொல்லப்படும் பெயர். வட்டில் எழுதப்பட்டிருப்பதும், திறக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பதும் 100998.

இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி கெர்னல் நிரலாளர் எரிக் பீடர்மேன் எழுதியது. 2013 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8 இலிருந்துதான் சாதாரணப் பயனர் ஒருவர் எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாமல் பயனர் நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்க முடிந்தது. நீங்கள் இன்று ரூட் இல்லாமல் கன்டெய்னர் இயக்குவதற்கு அடிப்படை அந்த மாற்றம்தான்.

இனி அந்த அட்டவணை. ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு ப்ராசஸின் எண்ணுக்குக் கீழும் யூஐடி மேப், ஜிஐடி மேப் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது பயனர் எண்களுக்கு, இரண்டாவது குழு எண்களுக்கு. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள்: உள்ளே எந்த எண்ணில் தொடங்குகிறது, வெளியே எந்த எண்ணில் தொடங்குகிறது, அங்கிருந்து எத்தனை எண்கள். நீங்கள் பாட்மேன் அன்ஷேர் கட்டளைக்குள் நின்று இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி 0, 1000, 1. இரண்டாவது வரி 1, 100000, 65536. அதாவது உள்ளே இருக்கும் 0, வெளியே நீங்கள்தான். உள்ளே 1 என்பது வெளியே 100000, உள்ளே 2 என்பது 100001, இப்படியே போகும். 999 க்குக் கணக்குப் போட்டால் 100000 உடன் 998 சேர்ந்து 100998 வருகிறது. பலர் 100999 அல்லவா வர வேண்டும் என்று குழம்புவதற்குக் காரணம் முதல் வரிதான். சுழியம் உங்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டதால் மற்ற எல்லாம் ஒன்று பின்னால் தள்ளுகின்றன. ரூட் உரிமையோடு உருவாக்கப்படும் சில கன்டெய்னர்களில், எடுத்துக்காட்டாக மெய்நிகர் சர்வர் தளமான பிராக்ஸ்மாக்ஸின் அன்பிரிவிலேஜ்டு கன்டெய்னர்களில், 0 என்பதே 100000 க்குப் போகும் என்பதால் அங்கே 999 என்பது 100999. இரண்டு ஏற்பாடுகளையும் மாறிமாறிப் பயன்படுத்துபவர்கள் இந்த ஓர் எண் வித்தியாசத்தில் அடிக்கடி இடறுவார்கள்.

அட்டவணையில் இல்லாத எண்கள் என்ன ஆகும் என்பது இன்னும் முக்கியம். வெளியில் இருக்கும் ஓர் எண்ணுக்கு உள்ளே இணை இல்லையென்றால், கெர்னல் பிழை சொல்லாமல் 65534 என்று காட்டும். நோபடி என்று நீங்கள் பார்ப்பது இதுதான். அது ஒரு குறிப்பிட்ட பயனர் அல்ல, இணை இல்லாத அத்தனை பேருக்கும் பொதுவான முகமூடி; எனவே இரண்டு கோப்புகளுக்கும் நோபடி என்று இருந்தால் இரண்டும் ஒருவருடையவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்திசையில் கெர்னல் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணுக்குக் கோப்பின் உரிமையை மாற்றச் சொன்னால், அனுமதி இல்லை என்று கூடச் சொல்லாது. கொடுத்த மதிப்பே செல்லாது என்று திருப்பிவிடும். உரிமையாளரை மாற்றும் சோவன் கட்டளை இன்வாலிட் ஆர்கியுமெண்ட் என்று முறையிட்டால், முதலில் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நம்பகமான அறிகுறி.

இதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டு டெர்மினல்களைத் திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் அன்ஷேர் கட்டளையைப் பயனர் நேம்ஸ்பேஸ் மட்டும் கேட்கும் பெரிய யூ விருப்பத்தோடு கொடுங்கள். ஒரு புதிய ஷெல் கிடைக்கும். அதில் ஐடி என்று கேட்டால் 65534 வரும், ஏனென்றால் அட்டவணை இன்னும் காலியாக இருக்கிறது. அந்த ஷெல்லின் ப்ராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது டெர்மினலிலிருந்து அந்த எண்ணின் யூஐடி மேப் கோப்பில் 0 1000 1 என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் டெர்மினலில் மறுபடியும் ஐடி கேட்டால் இப்போது 0, ரூட் என்று வரும். அந்த ஷெல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதன் கேயூஐடி எழுதுவதற்கு முன்னும் பின்னும் 1000தான். அங்கே ஒரு கோப்பை உருவாக்கி இரண்டாவது டெர்மினலில் பார்த்தால் உரிமையாளராக நீங்களே இருப்பீர்கள். உள்ளேயிருந்து ஈடிசி கோப்பகத்தில் கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைப் பட்டியலிட்டால் அதன் உரிமையாளர் நோபடி என்று வரும், திறக்கப் பார்த்தால் மறுக்கப்படும். வெளியே இருக்கும் உண்மையான 0 க்கு இந்த அட்டவணையில் இடமில்லை என்பதே காரணம். உபுண்டு 24.04 வைத்திருந்தால், ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு வழியாக இத்தகைய நேம்ஸ்பேஸ்களுக்கு இயல்பாகவே கட்டுப்பாடு இருப்பதால் சோதனை நடுவில் நிற்கக்கூடும். டெபியனிலோ ஃபெடோராவிலோ செய்து பாருங்கள்.

அட்டவணையை யார் எழுதலாம் என்பதில் கெர்னல் மிகவும் கண்டிப்பானது. ஒரு நேம்ஸ்பேஸுக்கு ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். பிறகு திருத்த வழியில்லை. எழுதும் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. வெளியே என்று குறிப்பிடும் எண்கள் பெற்றோர் நேம்ஸ்பேஸில் ஏற்கெனவே இருக்க வேண்டும், ஆகவே தனக்கு மேலே இல்லாத எண்ணை எந்தக் குழந்தை நேம்ஸ்பேஸும் உருவாக்கிக்கொள்ள முடியாது. பெற்றோரில், பயனர் எண்களை மாற்ற அனுமதிக்கும் செட்யூஐடி திறன் இல்லாத சாதாரணப் பயனர் தன்னுடைய சொந்த எண் ஒன்றை மட்டுமே, ஒரே வரியில், இணைத்துக்கொள்ளலாம். மேலே செய்த சோதனையில் நடந்தது அதுதான். 4.14 வரை ஐந்து வரிகளுக்கு மேல் எழுத முடியாது, 4.15 முதல் அது 340 வரிகள்.

அப்படியானால் உங்களுக்கு 65536 எண்கள் எங்கிருந்து வந்தன? ஈடிசி கோப்பகத்தில் சப்யூஐடி, சப்ஜிஐடி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். உங்கள் பெயர், தொடக்க எண், எண்ணிக்கை என்று அவற்றில் ஒரு வரி இருக்கும். டெபியன், உபுண்டு வகைகளில் முதல் பயனருக்கு 100000 இல் தொடங்குவதும், ஃபெடோராவில் 524288 இல் தொடங்குவதும் வழக்கம். இங்கே தவறாமல் மனத்தில் வைக்க வேண்டியது: கெர்னலுக்கு இந்தக் கோப்புகளைப் பற்றி எதுவுமே தெரியாது. நியூயூஐடிமேப், நியூஜிஐடிமேப் என்ற இரண்டு சிறிய நிரல்கள், ஷேடோ தொகுப்போடு வருபவை, தேவையான சிறப்பு உரிமையோடு நிறுவப்பட்டிருக்கும். அவைதான் இந்தக் கோப்புகளைப் படித்து, நீங்கள் கேட்ட வரம்பு உங்களுக்கு உரியதா என்று பார்த்து, உங்களுக்காக அட்டவணையை எழுதுகின்றன. ஆகவே இந்த ஒதுக்கீட்டின் காவல் முழுவதும் அந்த இரண்டு நிரல்களிடமும் அந்த இரண்டு கோப்புகளிடமும் இருக்கிறது. நிர்வாகி கைத்தவறுதலாக இருவருக்கு ஒரே வரம்பைக் கொடுத்துவிட்டால் கெர்னல் தடுக்காது. ஒருவருடைய கன்டெய்னர் கோப்புகளை மற்றவருடைய கன்டெய்னர் தன்னுடையதாகவே கருதும்.

குழு எண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதை எழுதாமல் விட மனமில்லை, ஏனென்றால் இந்த வடிவமைப்பு எவ்வளவு நுணுக்கமான இடங்களில் உடையும் என்பதை அது காட்டுகிறது. யூனிக்ஸில் ஒரு குழுவில் இருப்பதால் அனுமதி கிடைப்பது மட்டுமல்ல, அனுமதி மறுக்கப்படவும் கூடும். ஒரு கோப்பின் குழுவுக்கு எந்த அனுமதியும் இல்லாமல், மற்ற எல்லோருக்கும் படிக்கும் அனுமதி இருந்தால், அந்தக் குழுவில் இருப்பவர் மட்டும் அதைப் படிக்க முடியாது. குறிப்பிட்ட சிலரை விலக்கி வைக்க இதைப் பயன்படுத்தும் அமைப்புகள் உண்மையிலேயே உண்டு. பயனர் நேம்ஸ்பேஸுக்குள் போய், அங்கே ரூட்டாகி, தன் கூடுதல் குழுக்களை உதறிவிட முடிந்தால், விலக்கப்பட்டவர் மற்றவர்களில் ஒருவராகி உள்ளே வந்துவிடுவார். இது, பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொதுவான சிவிஇ வரிசையில், சிவிஇ-2014-8989 என்று பதிவான குறை. லினக்ஸ் 3.19 முதல், சாதாரணப் பயனர் ஜிஐடி மேப் கோப்பை எழுதுவதற்கு முன், செட்குரூப்ஸ் என்ற கோப்பில் மறுப்பு என்று பொருள்படும் டினை என்ற சொல்லை எழுதியாக வேண்டும். மேலே சொன்ன சோதனையில் குழு எண்ணையும் இணைக்க முயன்றால் இந்தச் சுவரில்தான் முட்டுவீர்கள்.

இனி ரூட். உள்ளே தெரியும் 0 உண்மையான ரூட் அல்ல. ஆனால் வெறும் பெயருக்கான ரூட்டும் அல்ல. லினக்ஸில் ரூட்டின் அதிகாரம் பல திறன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு திறனும் எந்தப் பயனர் நேம்ஸ்பேஸில் செல்லும் என்ற கேள்வியோடுதான் சோதிக்கப்படுகிறது. புதிய பயனர் நேம்ஸ்பேஸின் முதல் ப்ராசஸுக்கு அந்த நேம்ஸ்பேஸில் எல்லாத் திறன்களும் கிடைக்கும். நெட்வொர்க், மவுண்ட், ப்ராசஸ் எண் போன்ற மற்ற நேம்ஸ்பேஸ்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரப் பயனர் நேம்ஸ்பேஸ் ஒன்று உண்டு. எனவே அந்தத் திறன்களை விட்டுவிடாத ப்ராசஸ், தன் பயனர் நேம்ஸ்பேஸுக்குச் சொந்தமான நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் இடைமுகங்களை மாற்றலாம், ஃபயர்வால் விதி எழுதலாம், அதற்குச் சொந்தமான மவுண்ட் நேம்ஸ்பேஸில் நினைவகக் கோப்பு முறைமையான டிஎம்பிஎஃப்எஸ்ஸை ஏற்றலாம். கணினியின் கடிகாரத்தை மாற்றுவது, கெர்னல் மாட்யூலை ஏற்றுவது, சாதனக் கோப்பு உருவாக்குவது போன்றவை தொடக்க நேம்ஸ்பேஸின் திறனைக் கேட்கும் வேலைகள். உள்ளே எத்தனை திறன்கள் இருந்தாலும் அவை நடக்காது. வட்டில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 பிரிவை உள்ளேயிருந்து ஏற்றவும் முடியாது, ஏனென்றால் வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட வட்டுப் படத்தைக் கெர்னலின் கோப்பு முறைமை நிரல் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஃபியூஸுக்கு 4.18 இலும், ஓவர்லே கோப்பு முறைமைக்கு 5.11 இலும் அனுமதி வந்தது. ரூட் இல்லாத கன்டெய்னர்கள் அதுவரை வேகம் குறைந்து திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்புகள் மேல் உள்ளிருக்கும் ரூட்டின் அதிகாரம் எதுவரை என்பதற்கு ஒரே விதிதான். ஒரு கோப்பின் உரிமையாளர் எண், குழு எண் இரண்டுக்குமே அந்த நேம்ஸ்பேஸின் அட்டவணையில் இணை இருந்தால்தான் உள்ளிருக்கும் ரூட்டின் திறன்கள் அந்தக் கோப்பின்மேல் செல்லும். 100998 க்கு இணை உண்டு, ஆகவே உள்ளிருக்கும் ரூட் அதை அழிக்கலாம். ஈடிசி ஷேடோவின் 0 க்கு இணை இல்லை, ஆகவே தொட முடியாது. வெளியே நிற்கும் நீங்கள் வெறும் 1000. 100998 என்பது உங்களுக்கு முன்பின் தெரியாத இன்னொருவர். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வரம்பில்தான் அந்த எண் இருக்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, நீங்கள் அழிக்கப் போனபோது மறுக்கப்பட்டதன் காரணம் அதுவே.

ஆகவே தீர்வும் அதிலிருந்தே வருகிறது. பாட்மேன் அன்ஷேர் என்று எழுதி, அதற்குப் பின்னால் அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். அது உங்களை அதே அட்டவணை கொண்ட நேம்ஸ்பேஸுக்குள் ரூட்டாக நிறுத்திவிட்டு அந்தக் கட்டளையை ஓட்டும், கோப்புகள் போய்விடும். கட்டளையை உண்மையான ரூட்டாக ஓட்டும் சூடோ கொண்டு அழித்தாலும் வேலை முடியும், ஆனால் ரூட் இல்லாமல் வாழ முடிவெடுத்த பிறகு அதற்குத் தேவையே இல்லை. இனிமேல் கோப்புகள் வெளியே உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டுமென்றால், கன்டெய்னரைத் தொடங்கும்போது யூசர்என்எஸ் விருப்பத்துக்குக் கீப்ஐடி என்ற மதிப்பைக் கொடுத்து, அதோடு உள்ளே இருக்க வேண்டிய பயனர் எண்ணாகவும் குழு எண்ணாகவும் 999 ஐக் குறிப்பிடுங்கள். அப்போது உள்ளே 999 என்பது வெளியே நீங்களே. இணைக்கும் கோப்பகத்தைக் குறிக்கும் வால்யூம் விருப்பத்துக்குப் பின்னால் பெரிய யூ எழுத்தைச் சேர்ப்பது இன்னொரு வழி; அது உள்ளிருக்கும் பயனருக்கு ஏற்றபடி கோப்பகத்தின் உரிமையையே மாற்றி எழுதிவிடும். ஏற்கெனவே முக்கியமான கோப்புகள் இருக்கும் கோப்பகத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கீப்ஐடி கொடுத்த பிறகு கன்டெய்னருக்குள் யூஐடி மேப் கோப்பைத் திறந்தால் நீங்கள் எதிர்பார்க்காத எண்கள் தெரியும். கூடுதல் எண் எதுவும் குறிப்பிடாத சாதாரணக் கீப்ஐடியில், முதல் வரி 0, 1, 1000. இரண்டாவது 1000, 0, 1. மூன்றாவது 1001, 1001, 64536 என்றிருக்கும். 100000 எங்கே போனது என்று தேடாதீர்கள். இங்கே இரண்டு நேம்ஸ்பேஸ்கள், ஒன்றுக்குள் ஒன்று. அந்தக் கோப்பின் நடு எண்ணை உள்ளேயே நின்று படிப்பவருக்குக் கெர்னல் பெற்றோரின் கணக்கில் சொல்கிறது. வேறு நேம்ஸ்பேஸில் நிற்பவர் படித்தால் அவருடைய கணக்கில் சொல்கிறது. அதே கோப்பை வெளியே, உங்கள் சாதாரண டெர்மினலிலிருந்து படித்தால் 100000 களும் 1000 உம் தெரியும். ஒரே கோப்பு படிப்பவரைப் பொறுத்து வேறு எண்களைக் காட்டுவது முதலில் திகைக்க வைக்கும்; எந்த டெர்மினலில் நின்று படித்தோம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இப்படி 32 அடுக்குகள் வரை உள்ளே உள்ளே போகலாம். ஆனால் ஒவ்வோர் எண்ணையும் மாற்ற 32 அட்டவணைகளை ஏறிக் கடக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அட்டவணை எழுதப்படும் அந்த நொடியிலேயே வெளிப்பக்க எண்களைத் தொடக்க நேம்ஸ்பேஸின் கணக்குக்கு மாற்றிச் சேமித்துவிடுகிறார்கள். ஐந்து வரிகள் வரை ஒரே கேஷ் வரிசைக்குள் அடங்கும்படி, 64 பைட்டுகளில், இந்த அமைப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. ஐந்துக்கு மேல் போனால், உள்ளிருந்து வெளியே தேட ஒன்றும், வெளியிலிருந்து உள்ளே தேட ஒன்றுமாக, இரண்டு வரிசைப்படுத்திய பட்டியல்கள் தனியே உருவாகும். இந்த இரண்டாவது பாதையில்தான் 2018 இல் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தொடக்க நேம்ஸ்பேஸின் கணக்குக்கு மாற்றும் வேலை முதல் பட்டியலுக்கு மட்டும் நடந்து, தலைகீழ்ப் பட்டியலில் பழைய எண்களே தங்கிவிட்டன. விளைவாக, அடுக்கு நேம்ஸ்பேஸில் ஐந்து வரிகளுக்கு மேல் எழுதினால், வெளியே இருக்கும் உண்மையான 0 க்கும் உள்ளே இணை இருப்பதாகக் கெர்னல் நம்பியது. மேலே சொன்ன கோப்பு விதியை நினைத்துப் பாருங்கள். இணை இருக்கிறது என்று நம்பிவிட்டால் உள்ளிருக்கும் போலி ரூட் ஈடிசி ஷேடோவைத் திறந்துவிடலாம். கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோவில் இருந்த யான் ஹார்ன் இதைக் கண்டறிந்தார். சிவிஇ-2018-18955 என்ற எண்ணில் பதிவாகி, 4.19.2 இல் சரிசெய்யப்பட்டது. பட்டியலை மாற்றும் ஒரு சுற்று எழுதப்பட்ட இடம் மாறிப்போனதற்கு இவ்வளவு விலை.

இது உங்கள் மூன்றாவது கேள்விக்கு நம்மைக் கொண்டு வருகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. கன்டெய்னரிலிருந்து யாராவது தப்பி வெளியே வந்தால், உள்ளே ரூட்டாக இருந்தவர் வெளியே நீங்களாக மட்டுமே இருப்பார். 999 ஆக இருந்தவர், கன்டெய்னரின் தரவைத் தவிர எந்தக் கோப்பும் சொந்தமில்லாத 100998 ஆக இருப்பார். கன்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி நிரலில் 2019 பிப்ரவரியில் வெளியான ஓட்டையில், சிவிஇ-2019-5736, கன்டெய்னரின் ரூட் வெளியே இருந்த ரன்சி நிரலையே மாற்றி எழுத முடிந்தது. வெளி ரூட் இணைக்கப்படாத பயனர் நேம்ஸ்பேஸ் இருந்த இடங்களில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. டாக்கர் 1.10 முதல், அதாவது 2016 முதல், யூசர்என்எஸ் ரீமேப் என்ற வசதி இருந்தும் அது இயல்பாக அணைந்தே இருப்பதால், சாதாரண டாக்கரில் உள்ளே ரூட் என்றால் கேயூஐடியிலும் அது ரூட்தான். பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் 1.33 பதிப்பிலிருந்து இந்த வசதி இயல்பாகவே திறந்திருக்கிறது, ஆனால் பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுப்பின் வரையறையில் ஹோஸ்ட்யூசர்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று நீங்களே எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.

அதே அளவு உறுதியான எதிர்ப்பக்கமும் உண்டு. பயனர் நேம்ஸ்பேஸ், முன்பு ரூட் மட்டுமே தொடக்கூடிய கெர்னல் நிரல்களைச் சாதாரணப் பயனருக்கும் திறந்துவிடுகிறது. மவுண்ட் அமைப்பில் இருந்த சிவிஇ-2022-0185, ஃபயர்வாலுக்கான என்எஃப்டேபிள்ஸில் இருந்த சிவிஇ-2024-1086 இரண்டையும் சாதாரணப் பயனர்கள் பயன்படுத்திக்கொள்ள வழி விட்டது இதுதான். டெபியன் 11 வருவதற்கு முன்வரை டெபியனில் சாதாரணப் பயனருக்கு இது அணைத்தே வைக்கப்பட்டிருந்ததும், உபுண்டு ஆப்ஆர்மர் வழியாகக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இந்த அச்சத்தால்தான். இரண்டையும் எடைபோட்டு எது பெரிது என்று சொல்வது கணிப்பு; அனுபவமுள்ளவர்கள் இதில் மாறுபடுகிறார்கள். என் கருத்து இது: கன்டெய்னர்களை இயக்கும் சர்வரில் பயனர் நேம்ஸ்பேஸ் இருப்பதே நல்லது, கெர்னல் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாத வரையில். கன்டெய்னரே தேவைப்படாத, பலர் உள்நுழையும் கணினியில், சிஸ்கன்ட்ரோல் வழியாகப் பயனர் நேம்ஸ்பேஸ்களின் உச்ச எண்ணிக்கையைச் சுழியமாக்கிவிடலாம். அதற்கு முன் உலாவிகளின் சாண்ட்பாக்ஸும் பிளாட்பேக்கும் அதை நம்பியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏற்பாட்டில் நான் கவலைப்படும் இடம் வேறு. ரூட் இல்லாத பாட்மேனில் உள்ளிருக்கும் 0 நீங்கள்தான். தப்பி வருபவருக்கு உங்கள் கணினியின் ரூட் கிடைக்காது, ஆனால் உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிகளும் ஹோம் கோப்பகமும் கிடைக்கும். நீங்கள் இயக்கும் எல்லாக் கன்டெய்னர்களும் இயல்பாக ஒரே அட்டவணையைப் பகிர்கின்றன என்பதால், ஒரு கன்டெய்னரின் 999 உம் இன்னொன்றின் 999 உம் கெர்னலுக்கு ஒரே ஆள். முக்கியமான சேவைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதன்கீழ் இயக்குவதையோ, கன்டெய்னருக்கொரு வரம்பு பிரித்துத் தரும் ஆட்டோ மதிப்பை யூசர்என்எஸ் விருப்பத்துக்குக் கொடுப்பதையோ பரிந்துரைக்கிறேன்.

நீங்கள் எழுதியதிலிருந்து உங்கள் கணக்கு அந்தக் கணினியிலேயே உருவானதா, அலுவலகத்தின் மையக் கோப்பகத்திலிருந்து வருவதா என்று தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து பயனர் எண்களைக் கணக்கிட்டுத் தரும் எஸ்எஸ்எஸ்டி, இயல்பாக 200000 இல் தொடங்கும் வரம்பைப் பயன்படுத்துகிறது. உங்கள் கணினியில் இரண்டாவது பயனருக்கு ஒதுக்கப்படும் துணை எண்கள் 165536 முதல் 231071 வரை. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா. ஒரு கன்டெய்னரின் உள்பயனரும் உங்கள் சக ஊழியர் ஒருவரும் ஒரே கேயூஐடியாக முடிய வாய்ப்பு இருக்கிறது. ஹோம் கோப்பகம் நெட்வொர்க் வழிக் கோப்பு முறைமையான என்எஃப்எஸ்ஸில் இருந்தால் வேறு தடை வரும்: அனுமதியைத் தீர்மானிப்பது தொலைவில் இருக்கும் சர்வர், உங்கள் அட்டவணை அதற்குத் தெரியாது, எனவே 100998 க்கு உரிமையை மாற்றச் சொன்னால் அது மறுத்துவிடும். கன்டெய்னர் சேமிப்பை உள்ளூர் வட்டுக்கு மாற்றுவதே அங்கே வழி.

கோப்பின் எண்ணையே மாற்றி எழுதாமல், ஏற்றும் இடத்தில் மட்டும் எண்ணை மாற்றிக் காட்டும் ஐடிமேப்டு மவுண்ட் வசதி, கிறிஸ்டியன் பிரவுனரின் உழைப்பில் 2021 ஏப்ரலில் லினக்ஸ் 5.12 உடன் வந்தது. ஒரே கோப்பகத்தை வெவ்வேறு அட்டவணைகள் கொண்ட கன்டெய்னர்களுக்குக் கொடுக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அதை உருவாக்க, அந்தக் கோப்பு முறைமையை ஏற்றிய நேம்ஸ்பேஸில் நிர்வாகத் திறன் வேண்டும், அதாவது உங்கள் நிலையில் உண்மையான ரூட் வேண்டும். ஆகவே இப்போதைக்கு அது உங்களுக்கு எட்டாது. குபர்நெட்டிஸும் சிஸ்டம்டியும் அதைப் பயன்படுத்துகின்றன.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் விரைவில் சந்திக்கப்போகும் ஒன்று. இந்தத் தரவுக் கோப்பகத்தை டார் கொண்டு காப்புப்படி எடுத்தால், வெளியே நின்று எடுக்கும்போது படிக்கவே அனுமதி கிடைக்காது; சூடோவோடு எடுத்தால் உரிமையாளர் 100998 என்று பதிவாகும். வேறு வரம்பு ஒதுக்கப்பட்ட இன்னொரு கணினியில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாட்மேன் அன்ஷேருக்குள் நின்று, எண் உரிமையாளர் விருப்பத்தோடு டார் எடுங்கள். 999 என்றே பதிவாகும். மறு கணினியில் அங்குள்ள பயனரின் பாட்மேன் அன்ஷேருக்குள் நின்று அதே விருப்பத்தோடு பிரித்தால், அந்த இடத்தின் அட்டவணைப்படி சரியான எண்ணில் போய் அமரும். கோப்புகளை எடுக்கும் முன் கன்டெய்னரை நிறுத்திவிடுங்கள், போஸ்ட்கிரஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த படி திரும்ப எழும் என்று நம்ப முடியாது.